பன்றிக்கும் காசநோய் வருமா? பழியைப் பன்றி மேல் போட்டு இருமலை மறைக்க வேண்டாம்!



2025 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு எமது தோட்டத்துக்கு லீவில் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லி இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். கொழும்பு கொச்சிக்கடையில் ஒரு சாமான் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறவன். வயது இருபத்தொன்று. போகும்போது நல்ல உடம்போடு போனவன், வரும்போது கழுத்தெலும்பு தெரிய வந்தான். ராவெல்லாம் இருமல். விடியற்காலையில் போர்வை நனையும் அளவுக்கு வியர்வை.

லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "கொழும்புல பன்றி எறைச்சி தின்னுருக்கான். பன்றிக்கு நோய்னு டீவியில சொன்னாங்கல்ல, அதுதான் இவனுக்கு ஒட்டிக்கிச்சு" என்றார்கள். பையனின் தாய் எங்களிடம் வந்து அழுதார். "ஐயா, நாங்க சாமி கும்புடுற குடும்பம். வீட்டுல பன்றி ஆக்குறதே இல்ல. இப்ப இப்படிப் பேச்சு வந்திருச்சி. அவன் தங்கச்சிக்கு மாப்பிள்ள பாக்குறோம். இருமல வெளிய சொல்ல வேணாம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. பிரட்டுக்குப் போனா எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, நிறையப் பிழையும் இருக்கிறது. பன்றிக்குக் காசநோய் வரும் என்பது உண்மை. அது மனிதருக்குத் தொற்றக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பையனின் இருமலுக்குக் காரணம் அதுவல்ல. எது உண்மை, எது பிழை என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இரண்டு நோயைக் கலக்க வேண்டாம்

2024 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எமது நாட்டில் பன்றிகளுக்கு ஒரு கொடிய நோய் பரவியது. அதன் பெயர் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பண்ணைகளில் பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பன்றிகளைக் கொண்டுபோவதற்கும் வெட்டுவதற்கும் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. வானொலியிலும் டீவியிலும் வந்த செய்தி இதுதான்.

அந்தக் காய்ச்சலை உண்டாக்குவது ஒரு வைரஸ். அது பன்றியை மட்டுமே பிடிக்கும். மனிதருக்குத் தொற்றாது. பன்றி வளர்ப்பவருக்கு அது பெரிய நட்டம், ஆனால் அதனால் எவருக்கும் இருமல் வராது.

காசநோய் முற்றிலும் வேறு. எமது பெரியவர்கள் இதை என்புருக்கி என்றும் சயரோகம் என்றும் சொன்னார்கள். இன்று எல்லோரும் டீ.பி. என்கிறார்கள். இதை உண்டாக்குவது பக்றீரியா என்ற வகையைச் சேர்ந்த கிருமி. ஜேர்மனியைச் சேர்ந்த டொக்டர் றொபேட் கொக் 1882 ஆம் ஆண்டு மார்ச் 24 ஆம் திகதி இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் மார்ச் 24 உலகக் காசநோய் தினமாக இருக்கிறது.

கிருமிக்கும் அண்ணன் தம்பி உண்டு

காசநோய்க் கிருமி ஒன்றல்ல, ஒரு குடும்பம். மனிதரைப் பிடிப்பது ஒன்று. மாட்டைப் பிடிப்பது இன்னொன்று. இவை இரண்டும் அண்ணன் தம்பி போல மிக நெருங்கியவை. கோழி, காகம் முதலிய பறவைகளைப் பிடிப்பது ஒரு தூரத்து உறவு. பன்றி இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கும் பிராணி.

மாட்டின் கிருமி மனிதருக்கு வருமா என்பதில் பெரிய டொக்டர்மாரே ஒரு காலத்தில் தடுமாறினார்கள். கிருமியைக் கண்டுபிடித்த அதே கொக், 1901 ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மாநாட்டில், மாட்டின் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று சொன்னார். அதைச் சரிபார்க்க பிரித்தானிய அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அந்தக் குழு பத்து வருடம் ஆராய்ந்து, 1911 ஆம் ஆண்டு கொக் சொன்னது பிழை என்று முடிவு சொன்னது. காசநோய் பிடித்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்த பிள்ளைகளுக்குக் கழுத்தில் நெறி கட்டியது, வயிற்றில் நோய் வந்தது. எமது நாட்டு வைத்தியர்கள் கண்டமாலை என்று சொல்லும் கழுத்துக் கட்டிகளில் ஒரு பகுதி இப்படி வந்ததுதான்.

இன்னொரு செய்தி பலருக்கும் தெரியாது. எமது பிள்ளைகள் பிறந்தவுடன் கையில் போடும் பி.சி.ஜி. ஊசி இருக்கிறதே, அது மாட்டின் காசநோய்க் கிருமியிலிருந்து செய்யப்பட்டது. பிரான்ஸ் நாட்டின் கல்மெட், கெறான் என்ற இருவர் அந்தக் கிருமியைப் பதின்மூன்று வருடம் வளர்த்து வளர்த்துப் பலம் இழக்கச் செய்தார்கள். 1921 ஆம் ஆண்டு அதை முதன்முதலில் ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். சிறு பிள்ளைகளைக் கொடிய வகைக் காசநோயிலிருந்து அது காப்பாற்றுகிறது. ஆனால் பெரியவர்களுக்கு முழுப் பாதுகாப்புத் தராது. கையில் ஊசித் தழும்பு இருக்கிறது, எனக்கு டீ.பி. வராது என்று எவரும் இருந்துவிடக் கூடாது.

பன்றிக்கு எப்படி வருகிறது?

மாடு பெரும்பாலும் மூச்சின் வழியாகக் கிருமியை எடுக்கிறது. நெருக்கமான தொழுவத்தில் ஒரு மாடு இருமினால் பக்கத்து மாடு பிடித்துக்கொள்ளும். அதனால் மாட்டின் நெஞ்சுப் பகுதியில் கட்டிகள் காணப்படும்.

பன்றி அப்படியல்ல. அது பெரும்பாலும் வாய் வழியாகவே கிருமியை எடுக்கிறது. காரணம் அதன் தீனி.

நோய் பிடித்த மாட்டின் பாலோ, பால் கழிவோ காய்ச்சாமல் வைத்தால் மாட்டின் கிருமி வரும். செத்த கோழியையும் கோழிக் குடலையும் போட்டால் பறவையின் கிருமி வரும். அது மண்ணிலும் தண்ணீரிலும் கூட இருக்கும். ஹோட்டல் எச்சில், ஆஸ்பத்திரி எச்சில், வீட்டுக் கழிவு ஆகியவற்றை வேகவைக்காமல் வைத்தால் மனிதரின் கிருமி வரும். பன்றியைப் பார்க்கிற ஆளுக்கே காசநோய் இருந்து, அவர் தொட்டிப் பக்கத்தில் சளியைத் துப்பினாலும் பன்றிக்குப் போய்விடும்.

எத்தியோப்பியா நாட்டில் மடுவங்களில் வெட்டிய பன்றிகளை ஆராய்ந்தபோது, சிலவற்றில் மனிதரைப் பிடிக்கும் கிருமியே இருந்தது. பன்றிதான் மனிதனிடமிருந்து வாங்கியிருக்கிறது! உகண்டாவின் முபெண்டே மாவட்டத்தில் ஆராய்ந்தபோது பறவை இனத்துக் கிருமிகளே கூடுதலாக இருந்தன, மாட்டின் கிருமியும் இருந்தது. இத்தாலியின் சிசிலித் தீவில் காட்டில் மேயும் கறுப்புப் பன்றிகளிடம் மாட்டின் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. இடத்துக்கு இடம் தீனியும் சூழலும் மாறுகிறபடி கிருமியும் மாறுகிறது.

நியூசிலாந்தில் இதை வைத்தே ஒரு நல்ல வேலை செய்கிறார்கள். அங்கே பொசம் என்ற மரத்தில் வாழும் மிருகத்துக்குக் காசநோய் உண்டு. காட்டுப்பன்றி அதன் பிணத்தைத் தின்று நோயை வாங்கும். எனவே வேட்டைக்காரர்கள் கொடுக்கும் பன்றித் தலைகளைப் பரிசோதித்து, எந்தக் காட்டில் நோய் இருக்கிறது என்று அறிகிறார்கள். பன்றி ஒரு காவல்காரன் போல. தன்னைச் சுற்றி நோய் இருப்பதைத் தன் கழுத்தில் காட்டுகிறது.

மடுவத்தில் என்ன பார்க்கிறார்கள்?

காசநோய் பிடித்த பன்றி பெரும்பாலும் கொழுத்து, நன்றாகத் தின்று, ஓடித் திரியும். வெளியே ஒன்றும் தெரியாது. வெட்டிய பிறகுதான் தெரியும்.

வாய் வழியாகக் கிருமி போவதால், முதலில் தாடைக்குக் கீழே கழுத்தில் உள்ள நெறிகள் பாதிக்கப்படும். பரிசோதகர் அந்த நெறிகளைக் கத்தியால் அரிந்து பார்ப்பார். நல்ல நெறி என்றால் உள்ளே ஒரே சீராக இருக்கும். நோய் பிடித்தது என்றால் உள்ளே மஞ்சளாக, கட்டித் தயிர் போல இருக்கும். பழைய நோய் என்றால் கத்தி படும்போது சுண்ணாம்பு போலக் கரகரக்கும். பிறகு நுரையீரல், ஈரல், மண்ணீரல், குடலோடு சேர்ந்த நெறிகள் எல்லாவற்றையும் பார்ப்பார். கழுத்து நெறியில் மட்டும் இருந்தால் பொதுவாகத் தலையை ஒதுக்கி அழிப்பார்கள். உடம்பின் பல இடங்களில் பரவியிருந்தால் முழுவதையுமே அழிப்பார்கள்.

எமது நாட்டில் இறைச்சிக்காக மிருகம் வெட்டுவதையும் விற்பதையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே வந்தது. லைசன்ஸ் இல்லாமல் வெட்டவும் விற்கவும் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நாம் பி.எச்.ஐ. ஐயா என்று சொல்கிறவரும், மிருக வைத்தியரும் பரிசோதிப்பது சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல. அந்தக் கழுத்து நெறியை அரிந்து பார்ப்பதற்குத்தான்.

இப்போது எமது தோட்டப் பக்கத்தை யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கும் கிறிஸ்மசுக்கும் திருவிழாவுக்கும் ஆற்றோரத்தில் நாலு பேர் சேர்ந்து பன்றி அடிக்கிறார்கள். காட்டுப்பன்றி வலையில் விழுந்தால் ராவோடு ராவாக வெட்டிப் பங்கு போடுகிறார்கள். அங்கே நெறியை அரிந்து பார்ப்பது யார்? தலையை வாட்டி, குடலைக் கழுவி, கழிவை நாய்க்குப் போட்டுவிட்டு வருகிறோம். நாய்க்குப் போகிறது, மற்றப் பன்றிக்குப் போகிறது, மண்ணில் கிடக்கிறது. நோய் இருந்தால் அது ஒரு சுற்று சுற்றி வரும்.

மனிதருக்கு உண்மையில் எவ்வளவு ஆபத்து?

பயமுறுத்தாமல் கணக்கைச் சொல்கிறோம். 2016 ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் ஒரு கோடியே நான்கு இலட்சம் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் மிருகங்களிடமிருந்து மாட்டினக் கிருமி வந்தவர்கள் ஏறக்குறைய 147,000 பேர். அவர்களில் 12,500 பேர் இறந்தார்கள். நூறு நோயாளிகளில் ஒன்றரைப் பேர் கூட இல்லை. அதிலும் முக்கிய வழி பன்றி இறைச்சி அல்ல. காய்ச்சாத பாலும், நோயுள்ள மாட்டோடு நெருங்கிப் பழகுவதும்தான்.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கிருமியை இனம் பிரித்துப் பார்த்த ஆய்வு 2020 ஆம் ஆண்டு வெளிவந்தது. மாடு மான் வகைகளைப் பிடிக்கும் ஒரு கிருமி ஏழு பேரிடம் இருந்தது. மற்றவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு வரும் கிருமிதான். ஏழு பேர் என்றாலும் நோய் நோய்தான், அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு தோட்டத்தில் ஒருவன் இருமினால், முதலில் எங்கே தேட வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

பன்றி இறைச்சியால் வரக்கூடிய ஆபத்து இவைதான்:

ஒன்று, வெட்டுகிறவருக்கு. கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது நோயுள்ள நெறியோ ஈரலோ பட்டால், அந்த இடத்தில் பரு போல, மரு போலக் கட்டி வந்து ஆறாமல் கிடக்கலாம். இறைச்சி வெட்டுவோருக்கு வரும் தோல் காசநோய் இது.

இரண்டு, அரைவேக்காட்டில் தின்பவருக்கு. சதை இறைச்சியில் கிருமி இருப்பது குறைவு. நெறி, ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றில்தான் கூடுதல். சாராயத்துக்கு பைட் என்று ஈரலை அரைகுறையாகச் சுட்டுத் தின்கிறவர்கள் கவனிக்க வேண்டும். நன்றாக வெந்த இறைச்சியில் காசநோய்க் கிருமி உயிரோடு இருக்காது. எமது தாய்மார் மிளகும் கொறுக்காயும் போட்டு, தண்ணீர் வற்றும் வரை அடுப்பில் வைத்துச் சமைக்கும் பன்றிக்கறி நல்ல பாதுகாப்பான கறி.

மூன்று, வளர்ப்பவருக்கும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும். பன்றிக்கூடும் மாட்டுத் தொழுவமும் லயத்தின் இஸ்தோப்போடு ஒட்டியிருந்தால் ஆபத்து கூடும்.

இன்னொரு விடயமும் முக்கியம். மாட்டினக் கிருமிக்குக் காசநோய் மருந்துகளில் ஒன்றான பிறசினமைட் வேலை செய்யாது. எனவே மாடு, பன்றி வளர்ப்பவர்களும் வெட்டுகிறவர்களும் மருந்தெடுக்கப் போகும்போது அந்த விபரத்தை டொக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

கொச்சிக்கடையில் நடந்தது என்ன?

கொச்சிக்கடை என்றதும் எமது மக்களுக்கு அந்தோனியார் கோவில்தான் ஞாபகம் வரும். செவ்வாய்க்கிழமை பார்த்தால் இந்து, கத்தோலிக்கர், பௌத்தர் என்று எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். ஜூன் 13 ஆம் திகதி திருநாள். நீர்கொழும்புக்கு அந்தப் பக்கமும் ஒரு கொச்சிக்கடை உண்டு. நாம் சொல்வது கொழும்பு 13, கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடை. கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். பண்டிகை என்றால் பன்றி இறைச்சி வாங்குவார்கள். இலங்கையில் பன்றி வளர்ப்பு கூடுதலாக நடப்பது புத்தளத்திலிருந்து சிலாபம், வென்னப்புவ, நீர்கொழும்பு, ஜா-எல வரையான கரையோரத்தில்தான். ஹோட்டல் எச்சிலைத் தீனியாக வைக்கும் பழக்கமும் அங்கே உண்டு. எனவே எச்சிலை நன்றாக வேகவைத்துக் கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அவர்களுக்கும் பொருந்தும், தோட்டத்தில் ஒன்றிரண்டு வளர்க்கும் எங்களுக்கும் பொருந்தும்.

எமது பையனோ பன்றி இறைச்சி தின்றது இரண்டே தடவை. அதுவும் சக வேலையாள் ஒருவரின் வீட்டில், கிறிஸ்மஸ் அன்று, நன்றாகச் சமைத்த கறி. நாங்கள் அவனோடு இருந்து பொறுமையாகக் கேட்டோம். எங்கே படுப்பாய்? எத்தனை பேர்?

"கடைக்கு மேல ஒரு ரூம்ங்க ஐயா. எட்டுப் பேரு. ஜன்னல் பக்கம் சாமான் பொட்டி அடுக்கியிருக்கும், தொறக்க ஏலாது. என் பக்கத்துப் பாய்ல படுத்த அண்ணன் ரொம்ப நாளா இருமுவாரு. சிகரட் இருமல்னு சொல்வாரு. போன ஆவணியில ஊருக்குப் போனவரு, திரும்பி வரல."

காரணம் கிடைத்துவிட்டது! காசநோய் பரவும் பெரிய வழி இதுதான். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, சத்தமாகப் பேசும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் பறக்கும். காற்றோட்டமும் வெயிலும் இல்லாத அறையில் அவை மணித்தியாலக் கணக்கில் மிதக்கும். பக்கத்தில் படுப்பவர் அதை மாதக் கணக்கில் சுவாசிப்பார்.

கொரோனாவுக்கு முந்திய வருடங்களில் இலங்கையில் வருடத்துக்கு 8,000 பேருக்கு மேல் காசநோயாளிகள் பதிவானார்கள். மாவட்டங்களில் ஆகக் கூடிய தொகை கொழும்பில்தான். எமது பிள்ளைகள் வேலை தேடிப் போவதும் அதே கொழும்புக்குத்தான். கொட்டாஞ்சேனையில், செட்டியார் தெருவில், வெள்ளவத்தையில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் எத்தனை பிள்ளைகள்! அவர்கள் காசு அனுப்புகிறார்களா என்று கேட்கிற நாம், எங்கே படுக்கிறார்கள், ஜன்னல் இருக்கிறதா, எவராவது இருமுகிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

எமது லயங்களும் இதில் விதிவிலக்கு அல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிராவில் ஆறு பேர் ஏழு பேர் படுக்கிறோம். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்து சாக்கும் செருகி வைக்கிறோம். கொழும்பில் இருந்து வந்த இருமல் இந்தக் காம்பிராவில் ஒரு கிழமை படுத்தால் போதும், பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் போய்விடும். அந்தத் தாய் இருமலை மறைத்து வைத்த மூன்று கிழமையும் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. பழியைப் பன்றி மேல் போட்டால் லயத்து வாய் அடங்கும். ஆனால் நோய் அடங்காது.

மருந்து இருக்கிறது, சுகம் வரும்

பையனைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்து மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார்கள். சளி எடுத்தார்கள். சளி என்றால் எச்சில் அல்ல. விடியற்காலையில் எழுந்து, வாயைக் கொப்பளித்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி. நெஞ்சுப் படமும் எடுத்தார்கள். காசநோய் என்று உறுதியானது.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை. எல்லாம் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க மருந்தை விழுங்க வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், இரத்தம் அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

ஒழுங்காக மருந்து எடுத்தால் இரண்டு மூன்று கிழமையில் மற்றவருக்குத் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாவது மாதம் உடம்பு தேறும், பசி எடுக்கும், "சொகமாயிட்டேன்" என்று மருந்தை விடுவார்கள். அப்போது செத்துப்போகாத கிருமி மருந்துக்கு மசியாத கிருமியாக மாறும். பிறகு வைத்தியம் நீண்டது, கஷ்டமானது.

"அவன லயத்துல வச்சிக்கிடலாமா, ஒதுக்கி வைக்கணுமா?" என்று தகப்பன் கேட்டார். இதற்கு விடை சென்னையில் கிடைத்தது. 1956 ஆம் ஆண்டு அங்கே ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ள ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மற்றப் பிரிவினர் நெருக்கமான தங்கள் வீட்டிலேயே இருந்து மருந்தெடுத்தார்கள். 1959 ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சுகமானார்கள். வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் வைத்திய முறையை மாற்றிய ஆராய்ச்சி அது. நோயாளியை வீட்டை விட்டுத் துரத்தத் தேவையில்லை. மருந்தைத் தொடங்குவதும் விடாமல் எடுப்பதும்தான் தேவை.

நாம் செய்ய வேண்டியவை

1. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால், என்ன காரணம் என்று லயத்தில் விவாதிக்காமல் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்கக் கேளுங்கள். மாலைக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் இன்னும் கவனம்.

2. கழுத்தில் நெறி கட்டி வலியில்லாமல் பல கிழமை கிடந்தால் அதையும் காட்டுங்கள். அதுவும் காசநோயாக இருக்கலாம்.

3. வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் எல்லோரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நோய் வராமல் தடுக்கும் மருந்து கொடுப்பார்கள்.

4. இருமும்போது துண்டால் வாயை மூடுங்கள். பீலிக்கரையிலும் இஸ்தோப்பிலும் பன்றித் தொட்டிப் பக்கத்திலும் துப்ப வேண்டாம். பகலில் ஜன்னலையும் கதவையும் திறந்து வையுங்கள்.

5. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். கறந்த சூட்டில் பச்சைப்பால் குடித்தால் பலம் என்ற பேச்சை விடுங்கள்.

6. இறைச்சியை லைசன்ஸ் உள்ள கடையில் வாங்குங்கள். பரிசோதித்த இறைச்சியா என்று கேட்பது உங்கள் உரிமை. மலிவாகக் கிடைக்கிறது என்று களவில் வெட்டியதை வாங்க வேண்டாம். உள்ளே சிவப்பு இல்லாமல் வேகும்வரை சமையுங்கள்.

7. வெட்டும்போது நெறியிலோ, ஈரலிலோ, நுரையீரலிலோ மஞ்சள் கட்டிகளைக் கண்டால் விற்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். பி.எச்.ஐ. ஐயாவுக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். கையில் காயம் உள்ளவர் வெட்டக் கூடாது. கழிவை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

8. பன்றி வளர்ப்பவர்கள் எச்சில் தீனியை வேகவைத்துக் கொடுங்கள். செத்த கோழியைப் போட வேண்டாம். கூட்டை லயத்துக்குத் தள்ளிக் கட்டுங்கள்.

9. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் இருமலோடு ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மருதானைப் பக்கம் டீன்ஸ் வீதியில் மத்திய மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய ஆஸ்பத்திரி இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள்.

முடிவாக ஒரு வார்த்தை

அந்தப் பையன் 2025 ஆம் ஆண்டு ஆடி மாதம் ஆறு மாத மருந்தை முடித்தான். எட்டுக் கிலோ கூடினான். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள், நோய் வரவில்லை. தங்கச்சியின் கலியாணமும் நின்றுவிடவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் தகப்பனே நேரில் போய், "பயனுக்கு டீ.பி. இருந்திச்சி, மருந்தெடுத்து சொகமாயிட்டான்" என்று சொன்னார். அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. கடை மேல் அறையில் இருந்த மற்ற ஆறு பேரையும் பரிசோதனைக்கு வரும்படி பையனே போனில் சொன்னான். மூன்று பேர் உடனே போனார்கள். மற்ற மூன்று பேரும் போகும்வரை அவன் விடமாட்டான் என்று நம்புகிறோம்.

பன்றியின் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று அரிந்து பார்க்க மடுவத்தில் ஒருவர் இருக்கிறார். எமது லயத்தில் ஒருவரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால், அவர் தானாக வந்து சொல்ல வேண்டும். அவர் வந்து சொல்லும்படி நடந்துகொள்வது அக்கம்பக்கத்தாரான எங்கள் கையில் இருக்கிறது. இருமுகிறவரைப் பழிக்க வேண்டாம். கூடப் போங்கள், துணைக்குப் போக ஆள் இல்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

— நலன்புரிப் பிரிவு